கருப்பை புகுமுன்: முளையப் பரம்பரைச் சோதனையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பிள்ளைப்பேற்றுக்கான சிகிச்சையின்போது, உடலுக்கு வெளியே கருக்கட்டப்பெற்ற முளையத்திலிருந்து ஒன்றோ பலவோ கலங்களை அகற்றி, அவற்றின் பரம்பரையலகுகளையும் நிறமூர்த்தங்களையும் ஆராய்ந்து, எம்முளையத்தைத் தாயின் கருப்பையில் இடுவது எனத் தீர்மானிக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் வழக்கிலுள்ளது. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு யூலை 25ஆந் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. பிள்ளையற்றோர் துயர் தீர வழி பிறந்தது. அவ்வழியிற் சென்ற மருத்துவர், கையிலிருந்த முளையங்களைச் சோதித்துப் பார்க்கவும் பின்னர் கற்றுக்கொண்டனர் என்பது அவர்தம் கூற்று. கதை சொல்வதற்கு இவ்வொழுங்கு வாய்ப்பானது. ஆயின் சான்றுகள் காட்டும் ஒழுங்கு வேறு.

முளையத்தைத் தெரிந்தெடுத்தல் என்னும் எண்ணம் பிள்ளையற்றோருக்கான சிகிச்சைக்குப் பின்னர் தோன்றியதன்று; அதற்கு முன்னரே தோன்றியது. அதுமட்டுமன்று. 1990இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முளைய ஆராய்ச்சி தடைசெய்யப்படாது தப்பியமைக்கும் இச்சோதனை பற்றிய நம்பிக்கையே பெருந்துணையாயிற்று. அந்த நம்பிக்கை, குடும்பத்தில் ஏலவே அறியப்பட்ட கொடிய நோயொன்றைத் தவிர்ப்பது பற்றியது. பின்னாளிலோ சோதனை பெருமளவிற் பரவியது வேறொரு வினாவுக்கு விடைகாணும் பொருட்டு. முதல் வினாவுக்குத் தேடப்பட்ட நியாயம் இரண்டாவது வினாவுக்கும் கேள்வியின்றிக் கைமாறியது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

சோதனைக்குழாய்க் குழந்தையின் தந்தை எனப் போற்றப்படும் ரொபேட் எட்வேட்ஸ் (1925–2013) மருத்துவர் அல்லர். அவர் எடின்பரோவிலே விலங்குப் பிறப்புரிமையியல் பயின்றவர்; சுண்டெலி முளையங்களில் நிறமூர்த்தத் தொகை மாறுபடுமாற்றை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1959இல் பிரான்சிய அறிஞர் ஜெரோம் லெஜென் குழுவினர் டவுன் கூட்டறிகுறியுடையோரிடம் ஒரு நிறமூர்த்தம் மிகையாயுள்ளது என்பதை வெளியிட்டபோது, அம்மிகை மனிதச் சூல்முட்டை முதிரும் வேளையில் நேர்வதா என்ற வினா எட்வேட்சை ஈர்த்தது. மனிதச் சூல்முட்டைகளை உடலுக்கு வெளியே முதிரச் செய்யும் அவரது முயற்சிக்கு, மலட்டுத்தன்மை நீக்கத்தோடு, இவ்வினாவும் உந்துதலாயிற்று. அவர் பிரித்தானிய இனமேம்பாட்டுச் சங்கத்தின் ஆட்சிக்குழுவிலும் இருந்தவர் என்பதை மறைத்தெழுதுவோர் உளர். அதனையே பெரிதாக்கி எழுதுவோரும் உளர். அக்காலப் பிரித்தானிய உயிரியலாளர் பலர் அச்சங்கத்தோடு தொடர்புற்றிருந்தனர் என்பதையும் சேர்த்தெண்ணினாலன்றி அச்செய்தியின் எடை விளங்காது.

தெரிந்தெடுத்தலுக்கான முதற் கருவி மிக எளிமையானது. 1949இல் கனடாவைச் சேர்ந்த மறே பார், ஈவேட் பேட்ரம் ஆகிய இருவரும் பூனையின் நரம்புக் கலங்களை ஆராய்கையில், பெண் பூனைகளின் கலக்கருவில் மட்டும் சாயமேற்கும் சிறு புள்ளியொன்று காணப்படுதலைக் கண்டனர். செயலற்றுச் சுருண்டு கிடக்கும் ஓர் எக்ஸ் நிறமூர்த்தமே அப்புள்ளி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு கலத்தைப் பார்த்தே பாலைக் கூறலாம் என்றாயிற்று. 1956இல் டென்மார்க்கில் ஃபுக்ஸ், றிஸ் என்போர் கருவுற்ற தாயின் பனிக்குட நீரிலுள்ள கலங்களில் இப்புள்ளியைத் தேடிச் சிசுவின் பாலை அறிந்தனர். குருதியுறையா நோய் போன்றவை ஆண்மக்களையே தாக்குதலின், அத்தகைய குடும்பங்களுக்கு இவ்வறிவு வேண்டியிருந்தது. ஆயினும் அறிந்தபின் செய்யத்தக்கது கருவைக் கலைத்தல் ஒன்றே. அதுவும் கருவுற்றுப் பல கிழமைகள் கழிந்த பின்.

எட்வேட்சும் அவரது மாணவர் றிச்சாட் காட்னரும் கேம்பிரிட்ஜில் இதனையே முன்னோக்கி நகர்த்தினர். முயலின் முளையம் கருப்பையிற் பதியுமுன் நீர்ப்பை போன்ற வடிவினதாய், வெளிப்படை ஒன்றும் உட்கலத்திரள் ஒன்றும் கொண்டிருக்கும். உட்டிரளே குட்டியாகும், வெளிப்படை நஞ்சுக்கொடியாகும். அவர்கள் வெளிப்படையிலிருந்து நுண்ணிய துண்டொன்றைக் கத்தரித்தெடுத்து, அதிற் பார் புள்ளி உண்டா இல்லையா என நோக்கி, முளையத்தை ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்து, வளர்ப்புத் தாய் முயல்களின் கருப்பையில் இட்டனர். பிறந்த குட்டிகளின் பால் அவர்கள் கணித்தவாறே அமைந்தது. 'நேச்சர்' ஆய்விதழில் இப்பேறு வெளியான ஆண்டு 1968. மனித முட்டை உடலுக்கு வெளியே கருக்கட்டியதை எட்வேட்ஸ், பவிஸ்ரர், ஸ்ரெப்ரோ ஆகியோர் அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டு. குழந்தை பிறந்ததோ பத்தாண்டுகள் கழித்து. முளையத்தைச் சோதித்துத் தெரிதல் முன்னும், சோதனைக்குழாய்க் குழந்தை பின்னுமாக நிற்கும் இக்காலவொழுங்கு மனங்கொள்ளற்பாலது.

1971இல் எட்வேட்ஸ் சட்டவறிஞர் டேவிட் ஷார்ப்புடன் இணைந்து, இத்தகைய ஆராய்ச்சியின் சமூக விழுமியங்கள் பற்றி அதே இதழில் எழுதினார். அறிவியலாளர் தாமே முன்வந்து, தம்மை நெறிப்படுத்தப் பொது அமைப்பொன்று வேண்டுமென்று கேட்டது அக்காலத்தில் அரிது. அதே ஆண்டிலேதான் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எட்வேட்சுக்கும் ஸ்ரெப்ரோவுக்கும் நிதியுதவி மறுத்தது. பிறக்கும் குழந்தைக்கு ஊறு நேருமோ என்ற ஐயம் ஒரு காரணம். குடித்தொகை பெருகும் காலத்திற் பிள்ளையின்மையை நீக்குதல் முதன்மையான தேவையன்று என்ற எண்ணமும் ஒரு காரணம். தனியார் உதவியோடும், ஆய்வுகூடப் பணிகளைத் தாங்கிநின்ற ஜீன் பேர்டியின் உழைப்போடும் அவர்தம் முயற்சி தொடர்ந்தது.

1978இன் பின்னர் வினா சட்டத்தின் வாயிலுக்கு வந்தது. மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையில் 1982இல் அமைக்கப்பட்ட குழு 1984இல் அறிக்கை அளித்தது. கருக்கட்டலிலிருந்து 14 நாட்கள் வரை மனித முளையத்தை ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாம். அதற்கு மேற்படுதல் குற்றம் என அது விதந்துரைத்தது. பதினைந்தாம் நாளளவில் முளையத்திலே தொடக்கக் கீற்று எனப்படும் கோடு தோன்றும். அதற்குப் பின் ஒரு முளையம் இரண்டாகப் பிரிந்து இரட்டையராதல் இல்லை. தனியாள் ஒருவரின் தொடக்கத்தை அக்கோட்டில் வைக்கலாம் என்பது அவர்தம் நியாயம். குழுவில் இருந்த சிலர் ஆராய்ச்சியே கூடாதென மாறுபட்டு எழுதினர்.

எதிர்ப்பு அக்குழுவோடு நிற்கவில்லை. ஈனொக் பவல் தனி உறுப்பினர் மசோதாவாகப் பிறவாக் குழந்தைகள் பாதுகாப்பு மசோதாவைக் கொணர்ந்தார். தாயொருத்தியின் பிள்ளைப்பேற்றுக்கன்றி வேறெதற்கும் மனித முளையத்தை வைத்திருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். 1985 பெப்ருவரி 15ஆந் திகதி, இரண்டாம் வாசிப்பில், 238க்கு 66 என்னும் வாக்குகளால் அது நிறைவேறியது. அம்மசோதா சட்டமாகாது போனமை, எதிர்த்தோர் நடைமுறை விதிகளைக் கையாண்டு நேரத்தைக் கடத்தியமையாலேயே. எண்ணிக்கையில் அவர்கள் தோற்றுவிட்டிருந்தனர். ஐந்தாண்டுகளின் பின்னர் அதே சபையில் எண்கள் தலைகீழாயின. ஏன் என்பதை ஆராய்தல் வரலாற்று மாணவனுக்குப் பயன்தரும்.

ஒரு காரணம் சொற்களில் நிகழ்ந்தது. முதல் 14 நாட்களுக்குரிய கலத்தொகுதியை 'முன்முளையம்' என அழைக்கும் வழக்கத்தை அறிவியலாளர் இக்காலத்திலே பரப்பினர். அந்நாட்களில் உருவாகும் கலங்களிற் பெரும்பகுதி நஞ்சுக்கொடியும் சவ்வுகளுமாகும். குழந்தையாகும் பகுதி இன்னும் தெளிவாகப் பிரிந்திராது. ஆதலாற் புதுப்பெயர் தகும் என்றனர். பெயரை மாற்றிப் பொருளை மாற்ற முயல்கின்றனர் என எதிர்த்தோர் சாடினர். 1990இன் சட்டம் இறுதியில் 'முளையம்' என்ற பழஞ்சொல்லையே ஆண்டது. தமிழில் இச்சிக்கல் வேறு வடிவெடுக்கும் என்பதை ஈண்டு இடைப்பிறவரலாகக் குறிக்கலாம். நம் வழக்கிற் 'கரு' என்னும் சொல் உண்டான நாள்முதற் பிறப்பு வரைக்கும் பொதுவாய் வழங்கும். இலங்கை அறிவியற் பாடநூல்கள் முளையம், முதிர்மூலவுரு எனப் பகுத்தபோதிலும் வீட்டிலும் மருத்துவமனையிலும் அப்பகுப்பு வழங்குவதில்லை. எல்லைக்கோட்டை எங்கு இடுவது என்ற விவாதம், அக்கோட்டுக்குரிய சொல் இல்லாத மொழியில் மேலும் கடினமாகும்.

மற்றைய காரணம், முளையச் சோதனை பற்றிய வாக்குறுதி. வார்னொக் குழுவில் இருந்த ஒரேயொரு முளையவியலாளர் ஆன் மக்லாறன் (1927–2007). 1958இலேயே ஜோன் பிகர்ஸுடன் கூடி, உடலுக்கு வெளியே வளர்த்த சுண்டெலி முளையங்களைத் தாயிலிட்டுக் குட்டிகளாகப் பிறப்பித்தவர் அவர். பவலின் மசோதா விவாதிக்கப்பட்ட 1985இல், கருப்பையிற் பதியுமுன்னரே முளையத்தின் நோயை அறியும் முறைகள் எவ்வாறு இயலக்கூடும் என்பதை அவர் எழுதினார். ஆராய்ச்சியை ஆதரித்த அறிவியலாளரும், பரம்பரை நோய்களாற் பாதிக்கப்பட்ட குடும்பங்களும், பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் சேர்ந்து அவ்வாண்டின் பிற்பகுதியில் 'புறோகிறஸ்' என்ற பெயரில் இயக்கமொன்றைத் தொடங்கினர். மகவொன்றை இத்தகைய நோய்க்கு இழந்த பெற்றோர் உறுப்பினர்களைக் கண்டு தம் நிலையைக் கூறினர். விவாதத்தின் குவிமையம் இதனால் நகர்ந்தது. பிள்ளையில்லாதோருக்குப் பிள்ளை என்பதைக் காட்டிலும், கருக்கலைப்பின்றியே நோயற்ற பிள்ளை என்பது வலிமையான வாதமாயிற்று. கருக்கலைப்பை வெறுத்த உறுப்பினரையும் அது சிந்திக்கச் செய்தது.

இலங்கை வாசகர் இவ்வாதத்தின் வலிமையை எளிதில் உணர்வர். நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகை வடமேல் மாகாணத்திற் கணிசமாக உள்ளது. குருநாகலில் அதற்கெனத் தனி நிலையமே இயங்குகின்றது. கருவுற்றபின் நோயை அறிந்து யாது பயன் என்ற கேள்வி இங்கு எழுப்பப்படுவது, அங்கு எழுந்ததினும் கூர்மையானது.

வாக்குறுதி அளிப்பது ஒன்று; அதனைச் செய்துகாட்டுதல் பிறிதொன்று. மனித முளையத்திலிருந்து ஒரு கலத்தை எடுத்தால் அதிலுள்ள டி. என். ஏ. இரு பிரதிகள் மட்டுமே. அதனை எவ்வாறு வாசிப்பது? முயலில் வெளிப்படைத் துண்டில் ஏராளமான கலங்கள் இருந்தன. பார்த்ததும் வெறும் ஒரு புள்ளி. நோய்க்குரிய பரம்பரையலகை அவ்வாறு பார்த்தல் இயலாது. 1968க்கும் 1990க்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தை விளக்குவது பெரும்பாலும் இத்தடையே. 1983இல் கலிபோர்னியாவிற் கறி முலிஸ் எண்ணியெடுத்த பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் அத்தடையை நீக்கியது. டி. என். ஏ.யின் குறித்ததொரு பகுதியைச் சூடாக்கியும் ஆற்றியும், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கச் செய்து, சில மணி நேரத்தில் இலட்சக்கணக்கான பிரதிகளாக்கும் முறை அது. 1985இல் அது முதன்முதல் வெளியிடப்பட்டபோதே அரிவாட்கலச் சோகையைக் கண்டறிதற்கு எடுத்தாளப்பட்டது. இலண்டனில் மறிலின் மங்க், நொதியக் குறைபாடொன்றைச் சுண்டெலி முளையத்தின் தனிக்கலத்தில் 1987இற் கண்டறிந்திருந்தார். 1989இல் கதி ஹோல்டிங்குடன் சேர்ந்து, இப்பெருக்க முறையாற் சுண்டெலியில் தலசீமியா விகாரத்தையும் தனிக்கலத்திற் கண்டறிந்தார்.

மனிதரில் இதனை நிறைவேற்றியோர் இலண்டன் ஹமர்ஸ்மித் மருத்துவமனையின் அலன் ஹன்டிசைட், ரொபேட் வின்ஸ்ரன் குழுவினர். அவர்களிடம் வந்த தம்பதியர் மலடர் அல்லர் என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். கருவுற இயலாமையன்று அவர்தம் குறை. எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழி ஆண்மக்களுக்கு இறங்கும் நோய் அவர்தம் குடும்பங்களில் இருந்தது. ஒரு குடும்பத்தில் நரம்பை அழிக்கும் அட்ரினோலியுக்கோடிஸ்ரொபி. மற்றதில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு. ஓமோன் ஊசிகளையும் முட்டை எடுத்தலையும் அப்பெண்கள் ஏற்றது சோதனைக்காகவே. மூன்றாம் நாளில் ஆறு முதல் எட்டுக் கலங்களைக் கொண்டிருந்த முளையத்தின் புறவுறையில் துளையிட்டு ஒரு கலத்தை உறிஞ்சியெடுத்தனர். வை நிறமூர்த்தத்தில் மட்டும் பன்முறை திரும்பத் திரும்ப வரும் டி. என். ஏ. தொடரொன்றை அக்கலத்திற் பெருக்கிப் பார்த்தனர். தொடர் தென்பட்டால் ஆண், தென்படாவிடிற் பெண். பெண் முளையங்கள் இரண்டிரண்டாகக் கருப்பையில் இடப்பட்டன. இரு தாயரும் இரட்டைப் பெண்மக்களைச் சுமக்கின்றனர் என்ற செய்தி 1990 ஏப்பிரல் 19ஆந் திகதி 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்பிரல் 23ஆந் திகதி, பொதுமக்கள் சபை முளைய ஆராய்ச்சி குறித்து வாக்களித்தது. அரசாங்கம் தன் நிலைப்பாட்டைத் திணியாது, தடைசெய்யும் வாசகத்தையும் அனுமதிக்கும் வாசகத்தையும் மாற்றுகளாக முன்வைத்து, உறுப்பினரின் மனச்சாட்சிக்கு விட்டிருந்தது. அனுமதிக்க 364 பேர். எதிர்த்து 193 பேர். பெப்ருவரியிற் பிரபுக்கள் சபையும் 234க்கு 80 என்று ஆதரித்திருந்தது. இளமையில் உடற்றொழிலியல் பயின்ற யோர்க் பேராயர் ஜோன் ஹப்கூட் அங்கு ஆராய்ச்சியின் பக்கம் பேசினார். ஹமர்ஸ்மித் செய்தி ஒன்றாலேயே வாக்குகள் மாறின என்று கூறுதல் மிகையாகும். ஐந்தாண்டு காலப் பிரசாரம் அதற்கு முன்னர் நடந்திருந்தது. ஆயினும், என்றோ வரும் என்று சொல்லப்பட்ட பயன் இரு தாயரின் வயிற்றில் வளர்கின்றது என்ற செய்தி உறுப்பினர் கையில் இருந்த வேளை அது. அவ்வாண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மனிதக் கருக்கட்டல், முளையவியல் அதிகாரசபை 1991 ஓகஸ்டிற் பணி தொடங்கியது. உலகில் இத்தகைய அமைப்புகளுக்கு அது முன்மாதிரியாயிற்று.

அம்முதற் சோதனையின் தருக்கத்தை இங்கு சற்று நின்று நோக்குதல் தகும். அது நோயைத் தேடவில்லை, பாலையே தேடியது. நோயைக் கடத்தும் தாயின் ஆண்மக்களிற் சராசரியாகப் பாதிப்பேர் நோயற்றோராவர். அத்தகைய முளையங்களும் ஆண் என்ற ஒரே காரணத்தால் விலக்கப்பட்டன. அன்றியும், பெண் என்ற முடிவு ஓர் இல்லாமையின்மேல் எழுந்தது. வை தொடர் தென்படவில்லை என்றால் முளையம் பெண்ணாக இருக்கலாம். அல்லது அந்த ஒற்றைக் கலத்திற் பெருக்கம் நிகழாது போயிருக்கலாம். இரண்டும் ஒரே மௌனமாகவே தோன்றும். தொடக்ககாலச் சிகிச்சைகளுள் ஒன்றில் அஞ்சியது நேர்ந்தது; பெண் எனத் தெரிந்தெடுக்கப்பட்ட முளையம் ஆண் எனப் பின்னர் தெரியவந்தது. அதன்பின் ஆய்வாளர், எக்ஸுக்கும் வைக்கும் வெவ்வேறு ஒளிர்சாயம் ஊட்டிய டி. என். ஏ. துண்டுகளைக் கலக்கருவிற் படியவைத்து இரண்டையும் நேரிற் காணும் முறைக்கு மாறினர். இல்லாமையைச் சான்றாகக் கொள்ளும் நிலை நீங்கிற்று.

நோயையே தேடிய முதற் பேறு 1992இல் அறிவிக்கப்பட்டது. சளியை இறுகச்செய்து நுரையீரலையும் சதையியையும் கெடுக்கும் சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோய்க்குரிய பரம்பரையலகு 1989இலேதான் அறியப்பட்டிருந்தது. மூன்றாண்டுக்குள், அந்நோயுடைய மகவொன்றைப் பெற்றிருந்த தம்பதியருக்கு நோயற்ற பெண்குழந்தை இலண்டனிற் பிறந்தது. இங்கும் தனிக்கலம் தன் தொல்லையைக் கொடுத்தது. தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததுமான இரு பிரதிகளுள் ஒன்று மட்டும் பெருகி மற்றது விடுபட்டுப் போதல் உண்டு. அப்போது கடத்தியும் நோயாளியும் நலமுடையாரும் வேறுபாடறியக் கூடாமற் போவர். அயலிலுள்ள அடையாளத் தொடர்களையும் சேர்த்து வாசித்து இதனைத் திருத்த ஆண்டுகள் பல சென்றன. சைபீரியாவிற் பிறந்து சிக்காகோவிற் குடியேறிய யூரி வெர்லின்ஸ்கி வேறு வழி சென்றார். முட்டை தன் நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும்போது வெளித்தள்ளும் முனைவுடலை ஆராய்ந்து, முட்டையில் எஞ்சியது எது என உய்த்துணர்ந்தார். முளையத்தைத் தொடாத இம்முறை தாய்வழிக் குறையை மட்டுமே காட்டவல்லது.

பிற நாடுகள் சென்ற வழிகளை விரிப்பிற் பெருகும். ஜெர்மனி தன் நாசிக் காலத்து நினைவால் 1990இல் இயற்றிய முளையப் பாதுகாப்புச் சட்டம் இச்சோதனையைத் தடுப்பதாகவே நெடுநாள் கொள்ளப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறன்று எனத் தீர்ப்பளிக்க, 2011இற் பாராளுமன்றம் கடும் பரம்பரை நோய்க்கு அனுமதித்தது. இந்தியாவின் நிலை முற்றிலும் வேறு. பெண்சிசுவை விலக்கும் வழக்கத்தை எதிர்த்து 1994இல் இயற்றப்பட்ட சட்டம், 2003இற் திருத்தப்பட்டபோது கருத்தரிக்குமுன் பாலைத் தெரிதலையும் தடைக்குள் கொணர்ந்தது. ஹமர்ஸ்மித்திற் பாலறிதல் பெண்மக்களைப் பெறுதற்கு உதவிய அதே தொழில்நுட்பம், இந்தியச் சட்டமியற்றுவோர் கண்ணிற் பெண்மக்களை இல்லாமற் செய்தற்குரிய கருவியாகவே தோன்றியது. அவர்தம் அச்சம் அடிப்படையற்றதன்று. பிரித்தானியாவும் நோயுடன் தொடர்பற்ற பால்தெரிவை 2008இற் சட்டத்தாலேயே விலக்கியது.

இவையெல்லாம் அறியப்பட்ட நோய் பற்றியவை. சோதனை பெருந்தொகையினரைச் சென்றடைந்தது பிறிதொரு வாயிலால். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒளிர்சாய முறையாற் பாலை அறிந்தோர் அதே முறையால் 13, 18, 21 முதலான நிறமூர்த்தங்களையும் எண்ணிப் பார்த்தனர். நலமாய்த் தோன்றும் மனித முளையங்களிற் கணிசமானவை நிறமூர்த்தத் தொகையிற் பிறழ்ந்திருந்தன. தாயின் வயது ஏற ஏறப் பிறழ்வு மிகுந்தது. பிள்ளையின்மைக்குச் சிகிச்சை பெறுவோருள் வயது முதிர்ந்தோர் அடிக்கடி தோல்வி காண்பதற்கு இதுவே காரணமாயின், பிறழ்ந்தவற்றை விலக்கி நல்லவற்றை மட்டும் இட்டால் வெற்றி உயருமன்றோ? கேட்பதற்கு இவ்வாதத்திற் குறையில்லை. எட்வேட்ஸ் இளமையில் எழுப்பிய வினாவின் நேர்வாரிசும் இதுவே. மருத்துவ நிலையங்கள் விரைந்து இதனை ஏற்றன.

ஆனால் இங்கு வந்தோர் வேறு. ஹமர்ஸ்மித் தம்பதியர் சோதனைக்காகச் சிகிச்சையை நாடினர். இவர்கள் சிகிச்சைக்கு வந்த இடத்திற் சோதனையைக் கண்டனர். முன்னையோர்க்கு நோயின் பெயர் தெரியும். அதன் முகமும் தெரியும். இவர்களுக்கோ நோயில்லை, ஓர் எண்ணிக்கை மட்டும் சொல்லப்பட்டது. முன்னைய சோதனை, இந்நோய் உண்டா இல்லையா என்று கேட்டது. பின்னையது, இம்முளையங்களுள் எது பிள்ளையாகக் கூடியது என்று கேட்டது. முதல் வினாவில் தவறான விடை ஒரு நோயாளியைப் பிறப்பிக்கும்; தவறு வெளிப்படும். இரண்டாவதில், நலமான முளையம் பிறழ்ந்ததெனத் தவறாக எண்ணி விலக்கப்பட்டால், அதனை எவரும் அறியார். பிறவாத பிள்ளை முறையிடுவதில்லை. சோதனையாற் பயனுண்டா என்பதைத் தனித்தனி நோயாளரைக் கொண்டு அறிய இயலாமைக்குக் காரணம் இதுவே. சோதித்தோரையும் சோதியாதோரையும் குலுக்கல் முறையிற் பிரித்து ஒப்பிட்டாலன்றி உண்மை தெரியாது.

அவ்வொப்பீடு நெதர்லாந்தில் நடைபெற்று 2007இல் வெளியாயிற்று. 35 முதல் 41 வயது வரையான 408 பெண்கள் இரு கூறாக்கப்பட்டனர். 206 பேரின் முளையங்கள் எட்டு நிறமூர்த்தங்களுக்காகச் சோதிக்கப்பட்டன. 202 பேரின் முளையங்கள் சோதிக்கப்படவில்லை. எவர் எக்கூற்றில் என்பது அவர்களுக்கோ மருத்துவருக்கோ தெரியாதவாறு வைக்கப்பட்டது. உயிருடன் குழந்தை பெற்றோர் சோதிக்கப்படாத கூற்றில் நூற்றுக்கு 35. சோதிக்கப்பட்ட கூற்றில் நூற்றுக்கு 24. உதவும் என்று பத்தாண்டுகளுக்கு மேலாக வழங்கப்பட்ட முறை ஊறு செய்திருந்தது. எட்டுக் கலங்களுள் ஒன்றைப் பறித்தெடுத்தமை முளையத்தை நலிவித்திருக்கலாம். எடுத்த ஒரு கலம் ஏனைய கலங்களுக்குப் பிரதிநிதியாக இல்லாதிருந்ததும் உண்டு. ஏனெனில் ஒரே முளையத்திற் சீரான கலங்களும் பிறழ்ந்த கலங்களும் கலந்திருத்தல் அந்நிலையிற் பரவலாகக் காணப்படுவது.

இதனை முறையின் குறை என்று கொண்டோர் முறையைத் திருத்தினர். மூன்றாம் நாளுக்குப் பதில் ஐந்தாம் ஆறாம் நாள். ஒரு கலத்துக்குப் பதில் வெளிப்படையிலிருந்து சில கலங்கள். எட்டு நிறமூர்த்தங்களுக்குப் பதில் எல்லாம். கூர்ந்து நோக்கின் இது எட்வேட்சும் காட்னரும் 1968இல் முயலிற் செய்ததன் மீள்வரவே. உட்டிரளைத் தொடாது வெளிப்படையைக் கத்தரித்தல் என்ற அவர்தம் உத்தி, மனிதரில் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தமைக்கு ஒரு காரணம், மனித முளையத்தை ஐந்து நாட்கள் நலமாய் வளர்க்கும் ஊடகம் தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை செம்மையுறாமையாகும். திருத்திய முறையின் பெரும் ஒப்பீடு 2019இல் வெளியாயிற்று. 25 முதல் 40 வயது வரையான 661 பெண்கள் அதில் உள்ளடங்கினர். தொடர்ந்து நிலைத்த கருக்கள் சோதித்த கூற்றில் நூற்றுக்கு 50; சோதியாத கூற்றில் 46. இவ்வேறுபாடு தற்செயலென ஒதுக்கக் கூடியதே. ஊறு நீங்கிற்று, பொதுவான பயன் நிறுவப்படவில்லை. 1990இன் சட்டத்தாற் பிறந்த அதிகாரசபையே, பெரும்பாலான நோயாளருக்குப் பிள்ளைபெறும் வாய்ப்பை உயர்த்தும் நோக்கில் இதனைப் பயன்படுத்துதற்குச் செந்நிறக் குறியிட்டிருக்கின்றது. கருச்சிதைவைக் குறைத்தல் வேறு. அது குறித்து வாதங்கள் உள.

விலக்கப்பட்ட முளையங்கள் யாவை என்ற வினாவுக்கு ஓரளவு விடை உரோமாபுரியிலிருந்து வந்தது. சீரான முளையம் ஒன்றேனும் கிட்டாத 18 பெண்களுக்கு, சீரானவும் பிறழ்ந்தனவுமாகிய கலங்கள் கலந்திருந்த முளையங்களை, அவர்தம் சம்மதத்தோடு, மருத்துவர் கருப்பையில் இட்டனர். வழக்கமான விதிப்படி அவை ஒதுக்கப்படவேண்டியவை. 2015இல் வெளியான அறிக்கையின்படி அவர்களுள் அறுவர் நலமான குழந்தைகளைப் பெற்றனர். அக்குழந்தைகளின் நிறமூர்த்தங்கள் சீராயிருந்தன.